கோல்ஃப்: டிரைவரை மாற்றும் முன் ஃபேஸைப் பாருங்கள்

கேள்வி: வயது 43. கல்லூரியிலும் பிறகு லீக்கிலும் தொடக்க ஆட்டக்காரனாகக் கிரிக்கெட் ஆடியவன். இரண்டு வருடமாகச் சென்னையில் கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 24. நீளமாக அடிக்கும் கிளப்பான டிரைவரில் அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து எல்லைக்கு வெளியே போகிறது. அயர்ன் கிளப்பில் பாதி டாப் ஆகிறது, பந்தின் உச்சியில் பட்டு உருண்டுவிடுகிறது. குழி இருக்கும் கிரீனில் பந்தை உருட்டிப் போட மூன்று புட் சர்வசாதாரணம். கடையில் புது டிரைவரும் பெரிய தலையுள்ள மேலட் புட்டரும் வாங்கச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஸ்லைஸ் (அந்த வலப்பக்க வளைவு), புட்டிங், கிளப் தேர்வு என்று மூன்று தனித்தனித் தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றுக்குள்ளும் ஒரே கேள்விதான் இருக்கிறது: பந்தைத் தொடும் கணத்தில் உங்கள் கிளப்பின் ஃபேஸ், அதாவது பந்தில் படும் முகம், எங்கே பார்க்கிறது? அது தெரியாமல் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் குருட்டுச் செலவு. டாப் மட்டும் கொஞ்சம் வேறு கதை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பந்தும் ஃபேஸும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் முக்கியமாக இரண்டு விஷயம் திசையைத் தீர்மானிக்கிறது: ஃபேஸ் பார்க்கும் திசை, கிளப் தலை நகரும் பாதை. பாதை எங்கே போகிறதோ அங்கே பந்து புறப்படும், பிறகு ஃபேஸ் பார்த்த பக்கம் வளையும் என்றுதான் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ட்ராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தவறு என்று தெளிவாகிவிட்டது. பந்து புறப்படுவது பெரும்பாலும் ஃபேஸ் பார்க்கும் திசையில். டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 சதவீதம், அயர்னில் 75ஐ ஒட்டி. அதற்குப் பிறகு வளைவது ஃபேஸுக்கும் பாதைக்கும் நடுவே உள்ள கோணத்தால். பாதையைவிட ஃபேஸ் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும், அதுதான் ஸ்லைஸ்.

இது புரிந்தால் நீங்கள் அநேகமாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தை இன்றே நிறுத்திவிடலாம். பந்து வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நிற்பீர்கள். அப்போது தோளும் இடப்பக்கம் திரும்பும், பாதை இன்னும் இடப்பக்கம் சாயும், ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள கோணம் இன்னும் விரியும். ஸ்லைஸ் கூடத்தான் செய்யும்.

9 அயர்ன் ஓரளவு நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் துரோகம் செய்கிறது என்று நினைத்திருக்கலாம். இரண்டிலும் ஸ்விங் அதேதான். 9 அயர்னில் லாஃப்ட் (ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகம், பின்சுழற்சியும் அதிகம், அதனால் அதே கோணப் பிழை பந்தின் சுழல் அச்சைக் கொஞ்சம்தான் சாய்க்கும். டிரைவரில் லாஃப்ட் குறைவு, அந்தப் பிழை முழுதாக வெளியே தெரிகிறது. ஆக, டிரைவர் உங்கள் ஸ்விங்கைப் பற்றி உண்மையைச் சொல்லும் கிளப்.

இப்போது கிரிக்கெட். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் அதுதான். நம் ஊரில் முப்பதைத் தாண்டிக் கோல்ஃபுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கிரிக்கெட் கையோடு வருகிறார்கள். கண்ணும் கையும் ஒத்துப்போகும், பந்தை நன்றாகவே அடிப்பார்கள். ஆனால் நல்ல தொடக்க ஆட்டக்காரர் வருடக்கணக்கில் பயின்ற மூன்று பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும்.

முதலாவது பிடி. மட்டையைப் பிடிக்கும்போது இடக்கையின் புறங்கை மிட் ஆஃபையோ கவரையோ பார்க்கும். அதே பிடியை கோல்ஃப் கிளப்பில் வைத்தால் அது வீக் கிரிப். கீழே வரும்போது ஃபேஸ் திறந்தே வரும்.

இரண்டாவது, மட்டையின் முழு முகத்தையும் பந்துக்குக் காட்டி, அதைத் திருப்பாமல் நேராகக் கொண்டுபோவது. மட்டையில் இது சரி, ஏனென்றால் அதன் எடை கைப்பிடிக்கு நேர் கீழே இருக்கிறது. கோல்ஃப் கிளப்பை எடுத்துப் பாருங்கள். தலையின் எடை ஷாஃப்டின் (தண்டின்) கோட்டில் இல்லை, பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது. டிரைவரை ஒரு விரலின் மேல் கிடையாகத் தாங்கிப் பிடித்தால் தலை தானாகப் புரண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த எடை காரணமாக வேகமாகச் சுழற்றும்போது ஃபேஸ் பின்தங்கித் திறந்துகொள்ளப் பார்க்கும். முன்கைகள் சுழன்று அதை மூடிக் கொண்டுவர வேண்டும். "நேர் மட்டை" பிடித்தபடி ஆடினால் மூடாது.

மூன்றாவது, இடது முழங்கையை உயர்த்தி ஆடுவது. கிரிக்கெட் கோச் அதற்காகவே பாராட்டியிருப்பார். கோல்ஃபில் பந்தை அடித்த பிறகு இடது முழங்கை வெளியே மடங்கி உயர்ந்தால் முன்கை சுழல்வது அங்கேயே நின்றுவிடும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். பிடியிலிருந்து தொடங்குங்கள். கிளப்பை உள்ளங்கையில் வைக்காமல் விரல்களின் அடியில் வைத்து இடக்கையை மூடுங்கள். மேலிருந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு கணுக்கள் நன்றாகவும் மூன்றாவது பாதியும் தெரிய வேண்டும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வரும் கோடு உங்கள் வலது தோளை நோக்க வேண்டும். வலக்கையின் கோடும் அதே திசையில். முதலில் கை இடம் மாறிய உணர்வு வரும், விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, 7 அயர்னில் அரை ஸ்விங். இடுப்பிலிருந்து இடுப்பு வரை, மெதுவாக. பந்தைத் தாண்டி கிளப் இடுப்பு உயரத்துக்கு வரும்போது அதன் டோ (தலையின் நுனிப்பக்கம்) வானத்தைப் பார்க்கிறதா என்று நிறுத்திப் பாருங்கள். பார்த்தால் முன்கை சுழன்றிருக்கிறது. ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் இன்னும் மட்டைதான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைச் செய்யத் தொடங்கியதும் பந்து இடப்பக்கம் போக ஆரம்பிக்கும். பலர் இந்தக் கட்டத்தில் பயந்து பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். பந்து வளையாமல் நேராக இடப்பக்கம் போகிறதென்றால் ஃபேஸ் பாதையோடு ஒத்துவந்துவிட்டது என்று பொருள். மிச்சம் இருப்பது பாதை மட்டும். அதற்கு, பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்தும் இலக்கும் சேரும் கோட்டுக்குச் சற்று வெளியே டிரைவரின் உறையை வையுங்கள். மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கிளப் உறையைத் தட்டும். தட்டாமல் உள்ளிருந்து வரப் பழகுங்கள். உறை இருக்கும்போது மெதுவாகவே ஆடுங்கள்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு ஃபேஸைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வைத்து அடியுங்கள். பொட்டு ஃபேஸில் பதியும். நடுவில் பதிகிறதா, ஷாஃப்ட் பக்கம் ஹீலில் பதிகிறதா, டோவில் பதிகிறதா என்று பத்து அடிக்குப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு. டிரைவரின் ஃபேஸ் வளைவானது, எடை உள்ளே பின்னால் இருப்பது. அதனால் ஹீலில் பட்டால் தலை திரும்பி, பந்து வலப்பக்கச் சுழற்சி எடுக்கும். ஃபேஸும் பாதையும் சரியாக இருந்தாலும் ஹீலில் பட்டால் ஸ்லைஸ் வரும். பொட்டுகள் ஹீலில் கூடியிருந்தால் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வாரக்கணக்கில் ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருந்து, கடைசியில் அரை அடி பின்னால் நின்றதும் சரியானவர்கள் உண்டு.

டாப் பற்றி. "தலையைத் தூக்கிட்டீங்க சார்" என்று கூட ஆடுபவர்கள் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது காரணம் ஆகாது. பந்தை மேலே தூக்கவேண்டும் என்று நினைத்து எடையைப் பின்காலில் வைத்து, மணிக்கட்டால் கிண்டிவிடுகிறீர்கள். ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே ஒருமுறை தரையில் இடிக்கும், மறுமுறை மேலேறும்போது பந்தின் உச்சியைத் தொடும். தரையில் இடிக்கும் ஃபேட்டும் உச்சியைத் தொடும் டாப்பும் ஒரே தவறின் இரண்டு முகம். பந்தை உயர்த்துவது லாஃப்டின் வேலை. உங்கள் வேலை, முதலில் பந்து, பிறகு புல் என்ற வரிசையில் அடிப்பது. ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு அரைச் சாண் பின்னால் போட்டுவிட்டு, துண்டைத் தொடாமல் அடியுங்கள். பயிற்சி ரேஞ்சில் இருக்கும் ரப்பர் மேட்டை மட்டும் நம்பாதீர்கள். பின்னால் இடித்தாலும் கிளப் மேட்டில் வழுக்கிப் பந்தை எடுத்துவிடும், நல்ல அடி என்று ஏமாற்றும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் புல்லில் பழகுங்கள்.

புட்டிங்குக்கு வருவோம். கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குழியின் விட்டம் 4.25 அங்குலம். பத்தடித் தூரத்தில் ஃபேஸ் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் பந்து 2.1 அங்குலம் விலகும், அதாவது குழியின் நடுவைக் குறிவைத்த பந்து விளிம்புக்கு வந்துவிடும். இருபதடியில் அதே ஒரு டிகிரி 4.2 அங்குலம், பந்து குழியைத் தொடாது. புட்டில் பந்து ஏறக்குறைய முழுக்க ஃபேஸ் பார்க்கும் திசையில்தான் புறப்படுகிறது, பாதையின் பங்கு மிகக் கொஞ்சம். ஆகவே குட்டைப் புட்டில் ஃபேஸைத் தவிர வேறெதையும் பயிற்சி செய்ய வேண்டியதில்லை. புட்டரின் தலை நுழையும் அளவுக்கு இரண்டு டீயை நட்டு அதற்குள் ஸ்ட்ரோக் போடுங்கள். பந்துக்கு ஒரு முழம் முன்னால் இன்னும் இரண்டு டீயை, பந்தைவிடச் சற்றே அகலமாக நட்டு, அதன் நடுவே பந்தை அனுப்புங்கள். நாலடித் தூரத்தில் இது போதும்.

மூன்று புட் ஆவதோ வேறு காரணத்தால். முப்பதடியிலிருந்து முதல் புட்டை எட்டடி குறைவாக விட்டால் இரண்டாவது விழாது, யாருக்கும் எளிதில் விழாது. அமெரிக்காவின் பிஜிஏ டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து பாதிதான் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் விழுகிற புட்டுகளையே காட்டுவதால் நமக்கு அது தெரிவதில்லை. நீண்ட புட்டில் திசையை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் பழகுங்கள். பயிற்சிக் கிரீனில் குழியே இல்லாத பக்கம் பார்த்து, கிரீனின் விளிம்பில் பந்து நிற்கும்படி அனுப்புங்கள். மூன்று பந்து, மூன்று வெவ்வேறு தூரம். சுற்று தொடங்குமுன் பத்து நிமிடம் இதைச் செய்தாலே அன்றைய கிரீனின் வேகம் கைக்கு வந்துவிடும்.

நம் பக்கத்துக் கிரீன்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வெயில் ஊர்களில் பெரும்பாலும் பெர்முடா புல். அது படர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும், அதைத்தான் கிரெயின் என்கிறோம். குழியை நோக்கிப் பார்க்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் சாய்வு உங்களிடமிருந்து விலகிப் போகிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் புல் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து இழுத்துப் பிடித்த மாதிரி நிற்கும். சந்தேகமாக இருந்தால் குழியின் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் புல் காய்ந்து பிசிறாக இருக்கும். பிசிறுள்ள பக்கத்தை நோக்கித்தான் புல் சாய்கிறது. பிற்பகலில் புல் வளர்ந்து, காலையில் ஓடிய புட் ஓடாது. அந்தக் கிரீனிலேயே வருடக்கணக்காக நடக்கும் கேடி (பையைச் சுமந்து வரும் உதவியாளர்) "கிரெயின் எதிர்ல இருக்கு சார், கொஞ்சம் கூட அடிங்க" என்றால் கேளுங்கள். அந்த அறிவு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மேலட் புட்டர் வாங்கலாமா? அந்த ஆலோசனையைத் தவறு என்று சொல்லமாட்டேன், அவசரம் இல்லை என்றுதான் சொல்வேன். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் உங்களைப் போலவே நாற்பதைத் தாண்டி கோல்ஃப் பிடித்தவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை. புட்டிங் கைகொடுக்காமல், 1959இல் தானே ஒரு புட்டர் செய்தார். எடையை நடுவில் குவிக்காமல் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால், பந்து நடுவில் படாதபோதும் தலை அதிகம் திரும்பாது என்பது அவர் கண்டது. அதிலிருந்து வந்ததுதான் பிங் நிறுவனம், 1966இல் அவர்கள் வெளியிட்ட ஆன்சர் புட்டரின் வடிவத்தைத்தான் இன்றும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. மேலட்டும் அதே தத்துவத்தை இன்னும் தூரம் கொண்டுபோனது. நடுவில் படாத அடியை அது மன்னிக்கும். ஆனால் நடுவில் பட்டும் ஃபேஸ் இரண்டு டிகிரி திறந்திருந்தால் எந்தப் புட்டரும் மன்னிக்காது. புட்டரில் நான் முதலில் பார்ப்பது நீளம். குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே அல்லது சற்று உள்ளே வரவேண்டும். மூக்கின் மேல்பக்கத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விட்டுப் பாருங்கள், எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். புட்டர் நீளமாக இருந்தால் நீங்கள் விலகி நிற்பீர்கள், கோடே தப்பாகத் தெரியும்.

டிரைவருக்கு வருகிறேன். ஃபேஸின் துள்ளலுக்கும், தலையின் 460 கன சென்டிமீட்டர் அளவுக்கும் விதியே உச்சவரம்பு வைத்து இருபது வருடம் ஆகிவிட்டது. நடுவில் பட்டால் பத்து வருடத்துக்கு முந்திய நல்ல டிரைவரும் இந்த வருட டிரைவரும் பெரிய வித்தியாசம் காட்டாது. முன்னேற்றம் இருப்பது நடுவில் படாத அடிகளில். கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலம் அல்லது அதற்கும் மேல். நீளம் கூடினால் வேகம் கொஞ்சம் கூடும், நடுவில் அடிப்பது கடினமாகும். உங்கள் டிரைவரை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஒரு மாதம் ஆடுங்கள், செலவு இல்லை. லாஃப்ட் 9 டிகிரியாக இருந்தால் அதை மாற்றலாம். சராசரி அமெச்சூர் ஆணின் ஸ்விங் வேகம் மணிக்கு 93 மைல் அளவில்தான் இருக்கிறது, அந்த வேகத்துக்கு 10.5 அல்லது 12 டிகிரி நல்லது. லாஃப்ட் கூடினால் ஸ்லைஸும் குறையும், காரணம் மேலே சொன்னதுதான். வாங்கியே ஆகவேண்டும் என்றால் பழைய டிரைவரோடு போய், லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவியில்) இரண்டையும் மாறிமாறி அடித்துப் பாருங்கள். மிக நீளமாகப் போன ஒன்றைக் காட்டி விற்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது மோசமாகப் போனவை எவ்வளவு விலகின என்பதை.

ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைக் காட்ட அதில் ரெகுலர், ஸ்டிஃப் என்று எழுதியிருப்பதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டிஃப் அளவுக்கு இருக்கும். எழுத்தைப் பார்த்து வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

அயர்னில் லை கோணத்தை (ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணத்தை) சரிபாருங்கள். டோ தூக்கிக்கொண்டு தரையைத் தொட்டால் பந்து இடப்பக்கம், ஹீல் தூக்கினால் வலப்பக்கம். இதுவும் ஃபேஸ் விவகாரம்தான். நண்பர் 7 அயர்னில் எவ்வளவு தூரம் அடிக்கிறார் என்று ஒப்பிடாதீர்கள். பழைய செட்டில் 7 அயர்ன் 34, 35 டிகிரி. தவறை மன்னிக்கும்படி செய்த இன்றைய கேம் இம்ப்ரூவ்மென்ட் செட்டில் 28, 29 டிகிரி, சிலவற்றில் இன்னும் குறைவு. பெயர் 7, லாஃப்ட் பழைய 5 அயர்னை ஒட்டி. இதன் விளைவாக, குட்டைத் தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியில் நிற்கும், அடுத்தது சாண்ட் வெட்ஜ் 56. நடுவே பெரிய இடைவெளி. உங்கள் பையில் அப்படி இருந்தால், புது டிரைவரைவிட 49, 50 டிகிரியில் ஒரு பழைய வெட்ஜ் அதிகம் உதவும்.

நான் முதலில் செலவழிக்கச் சொல்வது கிரிப்புக்கு. நம் வெயிலில் காரின் டிக்கியிலேயே கிடக்கும் கிளப்பின் ரப்பர் இறுகிப் பளபளத்துவிடும். மே மாதக் கசகசப்பில் அது வழுக்கும், வழுக்குமே என்று இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுகிய முன்கை சுழலாது, ஃபேஸ் திறந்தே நிற்கும். புது கிரிப் போடுங்கள். தோல் கையுறை வேர்வையில் நனைந்தால் உதவாது, இரண்டை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், அல்லது நனைந்தாலும் பிடிக்கும் மழைக் கையுறை வாங்குங்கள். பந்து எந்த வகையானாலும் சரி, ஒரே வகையாக ஆடுங்கள். யூரித்தேன் உறைப் பந்து இந்த நிலையில் தேவையில்லை, சாதாரண இரண்டு அடுக்குப் பந்தே ஸ்லைஸைக் கொஞ்சம் அடக்கும்.

நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வு தெளிவான விடை தருகிறது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள ஸ்கோர் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நூறு யார்டுக்கு வெளியே ஆடும் அடிகளில் வருகிறது. எனவே மூன்று புட் மனதை உறுத்தினாலும் பயிற்சியின் பெரும்பகுதி பிடிக்கும் முழு ஸ்விங்குக்கும் போகட்டும். அது சரியாகும்வரை, எல்லைக்கோடு நெருங்கிய ஓட்டைகளில் (டீயிலிருந்து குழி வரையான ஆடுபகுதிகளில்) டிரைவரைப் பையிலேயே வைத்து, அதைவிடக் குட்டையான 5 வுட்டால் தொடங்குங்கள். இருபது முப்பது யார்டு இழப்பீர்கள், ஆனால் வெளியே போன ஒவ்வொரு பந்தும் ஓர் அபராத அடியையும் போன தூரத்தையும் சேர்த்துப் பறிக்கிறது.

கடைசியாக ஹேண்டிகேப். 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கு. ஒவ்வொரு ஓட்டையிலும் நெட் டபுள் போகிக்கு (அந்த ஓட்டைக்கு எதிர்பார்க்கும் அடிகளான பார், அதோடு 2, அதோடு உங்களுக்கான சலுகை ஸ்ட்ரோக்) மேல் பதிவாகாது. உங்கள் கோர்ஸ் ஹேண்டிகேப் 24 என்றால் எல்லா ஓட்டையிலும் ஒரு ஸ்ட்ரோக், கடினமான ஆறில் இரண்டு. ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும் பார் 4இல் உச்சம் 7. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் குழியில் போட்டே ஆகவேண்டும். நண்பர்களோடு ஆடும் சுற்றில் ஏழுக்கு மேல் போகும் என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு 7 என்று எழுதிவிட்டு அடுத்த டீக்குப் போகலாம், ஹேண்டிகேப்புக்கு அந்த எண்ணே போதும்.